ஏற்காட்டுத் தோட்டத்தில் 6 பேருக்கு விறகுச் சமையல்: என்ன செய்யலாம், எங்கே தவறும்?

அரைவேக்காடு எழுதியது:

வர்ற ஜனவரியில ஏற்காடு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல ரெண்டு ராத்திரி தங்கல். மொத்தம் 6 பேர். தோட்டக்காரர் அனுமதி உண்டு, வெளியில அடுப்பு மூட்டிக்கலாம்னு சொல்லிட்டார். கேஸ் கிடையாது.

கையில இருக்கிறது: 8 லிட்டர் அலுமினியக் குண்டான் ஒன்னு, 4 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்னு, இரும்பு தோசைக்கல் ஒன்னு, 3 லிட்டர் குக்கர். விறகு அங்கேயே கிடைக்கும்: கவாத்து பண்ணிப் போட்ட காப்பித் தண்டு, சில்வர் ஓக் கிளை.

ராத்திரிக்குச் சோறு, ஒரு குழம்போ பருப்போ, தொட்டுக்க ஏதாவது. காலையில காப்பி. இதுக்கு மேல ஆசை இல்லை. அடுப்பு எப்படிப் போடறது, எவ்வளவு விறகு, சோறு அடிப்பிடிக்காம இருக்க என்ன வழி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கொள்ளிக்கட்டை எழுதியது:

முதல்ல ஒன்னைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கோங்க. எரியுற தீ வேற, தணல் வேற. தண்ணி கொதிக்க வைக்கத் தீ வேணும். மத்த எல்லாத்துக்கும் தணல். புதுசா சமைக்கிறவங்க பாத்திரத்தைச் சுத்தி நாக்கு நாக்கா தீ எரிஞ்சாத்தான் வேகும்னு நினைச்சு விறகைத் திணிச்சுக்கிட்டே இருப்பாங்க. சோறு கீழ கருகி மேல நொறுக்கரிசியா நிக்கறது அதனாலதான்.

மூணு கல் அடுப்பு போதும். கல்லுக்குப் பதிலா செங்கல் கிடைச்சா இன்னும் நல்லது. ஓடையிலிருந்து எடுத்த கல்லை வைக்கவே கூடாது. அதுக்குள்ள ஊறிக் கிடக்கிற தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம கல்லே வெடிச்சுச் சிதறும். மேட்டுல வெயில்ல கிடந்த கல், ஏடு ஏடா உரியாத கல்லா பார்த்து எடுங்க.

உயரம்: தரைக்கும் பாத்திரத்தோட அடிக்கும் நடுவுல 15லிருந்து 20 செ.மீ. இதைவிடக் குறைஞ்சா காத்து உள்ள போகாது, வெறும் புகைதான். கூடிட்டா சூடு பாதிக்கு மேல பக்கவாட்டுல ஓடிடும். கல்லை அடுக்கினதும் தீ மூட்டாதீங்க. குண்டானை நிறைய தண்ணியோட மேல வச்சு, கையால அசைச்சுப் பாருங்க. ஆடிச்சுன்னா அப்பவே சரி பண்ணுங்க. கொதிக்கிற 6 லிட்டர் தண்ணி சாயறப்ப சரி பண்ண முடியாது.

விறகு கணக்கு: நீங்க சொல்ற சமையலுக்குக் காஞ்ச விறகு 5–6 கிலோ ஒரு வேளைக்குப் போதும். 8 கிலோ எடுத்து வச்சுக்கோங்க. மலையில ஜனவரிப் பனி ராத்திரியில விறகை நனைச்சுடும், அதனால சாயங்காலமே தார்ப்பாய்க்குக் கீழ கொண்டுபோயிடுங்க. காப்பித் தண்டு நல்ல வைரம் பாஞ்ச கட்டை, மெதுவா எரிஞ்சு கெட்டித் தணல் தரும். சில்வர் ஓக் லேசு, சட்டுனு பத்தும், சட்டுனு அடங்கும். ஓக்கை வச்சுத் தண்ணியைக் கொதிக்க விடுங்க. காப்பித் தண்டை வச்சுத் தணல் எடுங்க.

---

பன்னாடை எழுதியது:

(பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, தீ மூட்டத் தென்னம் பன்னாடைக்கு ஈடு எதுவும் கிடையாது.)

சமவெளியிலிருந்து ஏறும்போதே ஒரு பை நிறைய காஞ்ச பன்னாடையும், நாலஞ்சு கொட்டாங்குச்சியும் எடுத்துட்டுப் போங்க. மேல தென்னை கிடைக்காது. மூட்டற வரிசை: கீழ பன்னாடை ஒரு கைப்பிடி, அதுக்கு நடுவுல சூடம் ரெண்டு மூணு கட்டி. மேல ஈர்க்குச்சி கனத்துச் சுள்ளி, அதுக்கு மேல விரல் கனம். விரல் கனம் நல்லாப் பத்தினப்புறம்தான் மணிக்கட்டு கனம். இந்த வரிசையைத் தாண்டி ஒரே தாவலா கட்டையை வச்சா அணைஞ்சுதான் போகும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் வாடை முதல் அரைமணி நேரச் சமையல்ல ஏறிடும். பெட்ரோல் ஊத்தினா எரியறது அதோட ஆவி. குனிஞ்சு தீக்குச்சி கிழிக்கிறவன் முகத்துலதான் வந்து பிடிக்கும்.

விறகு ஈரமா இருந்தா பட்டையை உரிச்சுட்டு நெடுக்க ரெண்டாப் பிளந்து போடுங்க. மழையும் பனியும் நனைக்கிறது வெளித்தோலைத்தான், உள்ளே காஞ்சிருக்கும். பச்சை மரம்னா கதை வேற, அதுல எடையில ஏறக்குறைய பாதி தண்ணியாவே இருக்கும். எவ்வளவு பிளந்தாலும் நுனியில நுரை தள்ளிக்கிட்டுப் புகையும். காஞ்சதா இல்லையான்னு பார்க்க ரெண்டு கட்டையை ஒன்னோட ஒன்னு தட்டுங்க. 'டங்'குனு கேட்டா காஞ்சது, 'தொத்'துனு கேட்டா தள்ளி வைங்க.

---

கரண்டியார் எழுதியது:

அடுப்பைப் பத்திச் சொல்லிட்டாங்க. நான் சோத்தைப் பத்தி.

ஆளுக்கு 130 கிராம் அரிசி, 6 பேருக்கு 800 கிராம். மலைக்காத்துல பசி கூடும்னா 900. புழுங்கலரிசின்னா அரைமணி ஊறட்டும். குண்டானில் நாலரை லிட்டர் தண்ணியை மூடி கொதிக்க விடுங்க. நல்லாத் தளதளன்னு கொதி வந்தப்புறம் அரிசியைப் போட்டு ஒரே ஒரு தடவை அடிவரைக்கும் கிளறுங்க. திரும்பக் கொதி வந்ததும் ரெண்டு விறகை வெளிய இழுத்துத் தீயைக் குறைங்க.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்க தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். கொதிக்குதேன்னு பார்த்து ஊர்க்கணக்குல இறக்கிடாதீங்க. கீழ 25 நிமிஷத்துல வேகற புழுங்கல் அங்க 30–35 எடுக்கும். ஊட்டி மாதிரி 2,240 மீட்டர்னா 92–93 டிகிரிதான், இன்னும் இழுக்கும். கடிகாரத்தை நம்பாம பருக்கையை எடுத்து விரலால நசுக்குங்க. நடுவுல வெள்ளைப் புள்ளி தெரியாம, ஆனா கூழாகாம இருக்கணும். அந்த நிமிஷம் வடிச்சுடுங்க.

பொங்கிச் சாப்பிடற மாதிரி அளவு தண்ணி வச்சுச் செய்யலாமேன்னு கேப்பாங்க. விறகடுப்புல அதுல கை பழகாதவங்களுக்குப் பத்துல எட்டு தடவை அடிப்பிடிக்கும். தண்ணி வத்தற கடைசி 5 நிமிஷம் தீ மிகச் சிறுசா இருக்கணும், அந்த நேரத்துல விறகடுப்பு சொன்னபடி கேக்காது. வடிக்கிற சோறு மன்னிக்கும்.

---

மலைக்காடு எழுதியது:

கரண்டியார் சொன்னதுல ஒரு மறுப்பு. இருட்டுல, மேடுபள்ளமான தரையில, 8 லிட்டர் குண்டானைத் துணியால பிடிச்சுச் சாய்ச்சு வடிக்கிறது புதுசா செய்யறவங்களுக்கு ஆபத்து. வெளிச் சமையல்ல வெந்து போற காயம் தீயால மட்டும் வர்றதில்லை. கொதிநீராலயும் வருது. அதுலயும் ஈரத்துணியால பாத்திரம் பிடிக்கிற பழக்கம் இருக்கே, அதை விட்டுடணும். ஈரம் சூட்டை நொடியில கைக்குக் கடத்திடும், துணிக்குள்ளயே ஆவியாகிச் சுடும். நாலா மடிச்ச காஞ்ச பருத்தித்துணி, இல்லைன்னா இடுக்கி.

---

கரண்டியார் எழுதியது:

ஒத்துக்கறேன். அப்ப இப்படிச் செய்யுங்க: பாத்திரத்தைச் சாய்க்கவே வேண்டாம். பருக்கை முக்கால் பதம் தாண்டினதும் நீளக் கரண்டியால மேலாக நிக்கிற கஞ்சியை மொண்டு எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்திடுங்க. சோத்து மட்டத்துக்கு அரை விரல்கடை மேல தண்ணி நின்னா போதும். விறகு எல்லாத்தையும் வெளிய இழுத்துட்டு, தணலைப் பரப்பி, மூடி போட்டு மேலயும் நாலு கங்கு வைங்க. 10 நிமிஷம். மிச்சத் தண்ணி உள்ள இழுத்துக்கும். நடுவுல திறந்து கிளறக் கூடாது. அடியில லேசாப் பிடிச்சிருந்தாலும் கிளறாம இருந்தா மேல் சோறு கெடாது. கிளறின நொடியில கருகல் வாடை மொத்தப் பானைக்கும் போயிடும்.

மொண்ட கஞ்சியில உப்பும் நாலு சின்ன வெங்காயமும் போட்டுக் குடிங்க. ஏற்காட்டுக் குளிருக்கு சூப் எதுக்கு.

---

அரைவேக்காடு எழுதியது:

அருமை. பருப்புக்குக் குக்கரை அப்படியே விறகுல வைக்கலாமா?

---

கொள்ளிக்கட்டை எழுதியது:

வைக்காதீங்க. கைப்பிடி கருகிப் போகும், ரப்பர் வளையம் பக்கவாட்டுத் தீயில காஞ்சு கெட்டியாகும், அப்புறம் ஆவி ஓரமாக் கசியும். தணல்ல மட்டும் வச்சா ஓடும், ஆனா சத்தம் வந்ததும் உடனே சூட்டைக் குறைக்க வழி இல்லை. நான்ஸ்டிக் சட்டியும் அதே மாதிரிதான். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல போனா கெட ஆரம்பிக்கும், விறகுத் தீ அதைச் சாதாரணமாத் தாண்டிடும்.

இன்னொன்னு, யாராவது ரசத்துக்கு ஈயச் சொம்பைத் தூக்கிட்டு வந்தாங்கன்னா வண்டியிலேயே பூட்டி வைங்க. ஈயம்னு நாம சொல்ற அந்த வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். வீட்டு அடுப்புலயே தண்ணி இல்லாம வச்சா ஓட்டை விழும். விறகுத் தீயில தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற பக்கம் தீ நாக்குப் பட்டாலே போச்சு.

அலுமினியம் 660 டிகிரி வரைக்கும் தாங்கும்தான். ஆனா செக்கச் செவேல்னு கனியற தணல் 700ஐத் தாண்டும். காலிப் பாத்திரத்தைத் தணல் மேல வச்சுட்டுத் தாளிக்க எண்ணெய் தேடப் போனீங்கன்னா அடி நெளிஞ்சு திரும்பக் கிடைக்கும்.

---

கரண்டியார் எழுதியது:

பருப்பு வேணும்னா துவரம்பருப்பை விட்டுட்டுப் பாசிப்பருப்புக்கு மாறுங்க. 95 டிகிரித் தண்ணியில துவரை ஒன்றரை மணி நேரம் இழுத்தாலும் ஆச்சரியமில்லை. பாசிப்பருப்பு 250 கிராமைத் தோசைக்கல்லுல வாசம் வர வறுத்து, ஒரு லிட்டர் தண்ணி, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு வேக விடுங்க. 30 நிமிஷத்துல கரண்டியால மசிக்கலாம்.

புளி, தக்காளி, உப்பு மூணும் பருப்பு மசிஞ்சப்புறம். புளிப்பு முதல்லயே விழுந்தா பருப்பு இளகாது. போர்த்தண்ணி கடினமா இருந்தாலும் அதே தொல்லை வரும், அப்ப பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி எடுத்துக்கோங்க.

புளி சேர்றதை அலுமினியத்துல செய்யாதீங்க, புளிப்பு அதை அரிக்கும், சுவையும் கெடும். சோறு அலுமினியத்துல, பருப்பும் குழம்பும் எவர்சில்வர்ல. எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது, தீ பட்ட இடத்துல மட்டும் பிடிக்கும். அதனால அதுக்குக் கீழ எப்பவும் தணல்தான், தீ வேண்டாம்.

---

யாழ்க்கூழ் எழுதியது:

வணக்கம். ஒரு பானையிலேயே எல்லாத்தையும் முடிக்கோணும் எண்டால் எங்கட ஒடியல் கூழை யோசியுங்கோ (ஒடியல் எண்டால் காய வைச்ச பனங்கிழங்கு). யாழ்ப்பாணத்தில முற்றத்தில மூண்டு கல்லு வைச்சு ஆக்கிறதுதான் அதுக்குப் பழக்கம், வீட்டுக்குள்ள அவ்வளவு பெரிய பானை வைக்கேலாது.

6 பேருக்கு ஒடியல் மா 150 கிராம் காணும். மாவை முதலே நிறையத் தண்ணியில கரைச்சு ஒரு மணித்தியாலம் வைச்சு, மேல நிக்கிற தண்ணியை ஊத்திப்போட்டு அடியில இருக்கிற மாவை மட்டும் எடுக்கோணும். ரெண்டு தரம் செய்தால் நல்லது. அந்தத் தண்ணியோடதான் கசப்புப் போகும், இதை விடக்கூடாது. பானையில 3 லிட்டர் தண்ணி, ஒரு பிடி அரிசி, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டு. இவை அரைவேக்காடாக வந்தாப்போல மீன், நண்டு, இறால். செத்தல் மிளகாய் 15 அரைச்சது, பழப்புளி ஒரு எலுமிச்சங்காய் அளவு. கடைசியாத்தான் மாக்கரைசல். மா விட்டாப்பிறகு கை விடாமல் துழாவோணும், இல்லாட்டி கட்டிபடும், அடியிலும் பிடிக்கும். தீயை அந்த நேரம் முழுக்க இழுத்துப்போடுங்கோ.

மலையில கடலுணவு கிடைக்காட்டி நெத்தலிக் கருவாடு போதும். உப்பைப் பாத்துப் போடுங்கோ.

---

அரைவேக்காடு எழுதியது:

வாய் ஊறுது. ஆனா ஒடியல் மாவுக்கு இங்க எங்க போறது! முதல் தடவைக்குச் சோறு, பாசிப்பருப்போட நிக்கிறேன். "அரைவேக்காடாக வந்தாப்போல"ன்னு என்னையும் பானையில போட்டதுக்கு நன்றி. தொட்டுக்க என்ன?

---

பன்னாடை எழுதியது:

தணல் இருக்கிறப்ப தனியா ஒரு பாத்திரம் எதுக்கு? சுட்டுத் தின்னுங்க.

கத்தரிக்காய்: ஒன்னு கால் கிலோ வர்ற பெரிய காய் மூணு. எண்ணெய் தடவி, கத்தி முனையால நாலு இடத்துல குத்துங்க, இல்லைன்னா உள்ள ஆவி சேர்ந்து வெடிக்கும். தணல் மேல நேரா வச்சு 15–20 நிமிஷம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பணும். தோல் முழுக்கக் கருகி, காம்புப் பக்கம் அமுக்கினா தொய்யணும். பெரும்பாலும் அந்தக் காம்புப் பக்கம்தான் வேகாம நிக்கும். கூடவே ஓரத்துல தோலோட 15 சின்ன வெங்காயம், 3 பச்சை மிளகாய், 2 தக்காளி. எல்லாம் தோலுரிச்சு உப்பு, கோலிக்குண்டு அளவு புளி, ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துக் கையாலேயே பிசைங்க. தாளிப்பே வேண்டாம், அந்தப் புகை வாசத்தைக் கடுகு கெடுத்துடும்.

தோலுரிக்கிறப்ப தண்ணியில கழுவாதீங்க. கரித்துணுக்கு நாலு ஒட்டியிருந்தா இருக்கட்டும்.

கருவாடு: நெத்திலியைத் தோசைக்கல்லுல, வாளையைத் துண்டாக்கித் தணல்ல. ஒரு பக்கம் ஒன்றரை நிமிஷம் போதும். அதுக்கு மேல போனா கசக்கும். அப்பளத்தை இடுக்கியில பிடிச்சுத் தணலுக்கு ஒரு சாண் மேல காட்டுங்க, மூணு நாலு எண்ணறதுக்குள்ள பொரிஞ்சுடும். தீ நாக்குல காட்டினா கறுப்பாகும், பொரியாது.

சர்க்கரைவள்ளி: ஒன்னு 200 கிராமுக்கு மேல போகாத கிழங்கு. தணலுக்கு நடுவுல வைக்காம, பக்கத்துல சுடுசாம்பலைக் குழிச்சு அதுக்குள்ள புதைச்சு மேல கொஞ்சம் கங்கு. 40 நிமிஷம். நேராத் தணல்ல போட்டா மேல ஒரு விரல்கடை கரி, உள்ள பச்சை. பனங்கிழங்கு சீசனும் அப்பத்தான், கீழ சந்தையிலயே வாங்கிட்டுப் போங்க. மரவள்ளி வேண்டாம், அதைத் தோல் சீவி நிறையத் தண்ணியில அவிச்சு அந்தத் தண்ணியைக் கொட்டறதுதான் சரி. கசந்தா துப்பிடணும்.

---

சுள்ளிப்பொறுக்கி எழுதியது:

> ராத்திரி படுக்கப் போறப்ப கிழங்கைச் சாம்பல்ல புதைச்சுட்டா காலையில பதமா இருக்கும்

இதை யாரும் இன்னும் எழுதலை, ஆனா எழுதுவாங்க, அதனால முன்னாடியே கேக்கறேன். செய்யலாமா?

---

மலைக்காடு எழுதியது:

கூடாது. காப்பித் தோட்டத்துத் தரை வெறும் மண் இல்லை. நிழல் மரத்துச் சருகு, மக்கு, வேர் எல்லாம் அடுக்கடுக்காக் கிடக்கும். சாம்பலுக்குக் கீழ கனியற கங்கு அந்த மக்குல இறங்கிச் சத்தமில்லாம நகரும். புகை தெரியறப்ப நாலடி தள்ளி எரியும். ஆள் தூங்கும்போது தணல் இருக்கக் கூடாதுங்கிறது பேச்சுக்கே இடமில்லாத விதி.

அடுப்பு போடற இடம்: சுத்தி 3 மீட்டருக்குச் சருகைக் கூட்டி, மண் தெரியற வரைக்கும் சுரண்டணும். மேல கிளை தொங்கக் கூடாது. ஒரு குடம் தண்ணி சமையலுக்குத் தொடாம தனியா நிக்கணும். காத்து அடிக்கிற நாள்னா தோட்டத்து வீட்டுக் களத்துமேட்டுல, காப்பி காயப்போடற சிமெண்ட் தளத்துக்குப் பக்கத்துல மண் தரையில போடுங்க. சிமெண்ட் மேலயே போட்டா அது வெடிச்சுப் பெயரும், தோட்டக்காரர் அடுத்த தடவை விடமாட்டார்.

தோட்ட எல்லையைத் தாண்டி ஒரு அடி கூட வேண்டாம். சேர்வராயன் மலையில பட்டா நிலத்தை ஒட்டியே காப்புக்காடு இருக்கு. அதுக்குள்ள தீ மூட்டறது 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மலையில புல் காஞ்சிருக்கிறப்ப தீ எப்படி ஓடும்னு 2018 மார்ச்சுல தேனி மாவட்டக் குரங்கணியில பார்த்தாச்சு. பிப்ரவரிக்கு மேல போறதா இருந்தா வெளி அடுப்பையே மறந்துடுங்க.

---

கோட்டையடுப்பு எழுதியது:

கல்யாணச் சமையல்ல தோண்டற மாதிரி நீளக் குழி போட்டா மூணு கல்லைவிடச் சிக்கனம். 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், ஒரு முழங்கைக்குக் குறைவான ஆழம், காத்து வர்ற பக்கம் சரிவா திறப்பு. ஒரே தீயில ரெண்டு பாத்திரம் வரிசையா நிக்கும். முன்னாடி தீ, பின்னாடி தணல். முன்னாடி எரியறதைக் குச்சியால பின்னாடி தள்ளிக்கிட்டே போகலாம். மூணு கல் அடுப்புல விறகோட சூட்டுல பத்துல ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மிச்சம் ஆகாயத்துக்கு.

---

மலைக்காடு எழுதியது:

சமவெளிக்கு அருமையான யோசனை, மணல்ல இன்னும் அருமை. மக்கு மண்ணுல குழி தோண்டறதுதான் நான் மேல சொன்ன ஆபத்து. ஏற்காட்டுல வேண்டாம். செங்கல்லை ரெண்டு வரிசையா, நடுவுல 25 செ.மீ. விட்டுத் தரைக்கு மேலேயே அடுக்கினா நீங்க சொல்ற அதே அடுப்புதான்.

---

கோட்டையடுப்பு எழுதியது:

சரிங்க, அது நியாயம். அப்படின்னா 16 செங்கல். பக்கத்துக்கு நாலு செங்கல், ரெண்டு அடுக்கு. செங்கல்லைப் பட்டையாப் படுக்க வச்சு அடுக்குங்க, நிமிர்த்தி நிறுத்தினா பாத்திரத்துக் கனத்துல சரியும்.

சூடு பார்க்க ஒரு வழி: உள்ளங்கையைத் தணலுக்கு ஒரு சாண் மேல நீட்டி எண்ணுங்க. ரெண்டு மூணுக்குள்ள கையை இழுத்தா தோசைக்கும் கருவாட்டுக்கும் சரியான சூடு. அஞ்சாறு வரைக்கும் தாங்கினா பருப்பு கொதிக்க, சோறு தம்முல நிக்க. பத்து எண்ணியும் சுடலைன்னா அது சாம்பல், கங்கு சேர்க்கணும்.

---

கொள்ளிக்கட்டை எழுதியது:

விறகு பொறுக்கறப்ப எதைத் தொடக் கூடாதுன்னும் சொல்லிடலாம். அரளிக் குச்சியில எதையும் குத்திச் சுடாதீங்க, அடுப்புலயும் போடாதீங்க. இலை, தண்டு, பூ எல்லாம் விஷம். சேராங்கொட்டை மரம் தெரிஞ்சா கிட்டப் போகாதீங்க, பால் பட்டா கொப்புளம், புகையும் அரிக்கும். கள்ளி, எருக்கு மாதிரி பால் வடியற எதுவும் வேண்டாம். (இந்த இழையைப் படிச்சுட்டுப் பிச்சாவரம் மாதிரி கடலோரக் கழிமுகத்துக்குக் கிளம்பறவங்களுக்கு: தில்லை மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், புகையும் கண்ணுக்கு ஆகாது. பண்ருட்டிப் பக்கம்னா முந்திரிக்கொட்டைத் தோட்டை எரிக்காதீங்க, அந்த எண்ணெய்ப் புகை தோலைப் புண்ணாக்கும்.) பெயிண்ட் அடிச்ச பலகை, ப்ளைவுட் துண்டு, பேக்கிங் பெட்டிக் கட்டை இதெல்லாம் தோட்டத்து வீட்டுல கிடக்கும். எரியும், ஆனா சமையலுக்கு ஆகாது.

பெயர் தெரியாத குச்சின்னா தொடாதீங்க. காப்பித் தண்டு போதும்.

---

அரைவேக்காடு எழுதியது:

ரெண்டு சின்னக் கேள்வி. கரி பிடிச்ச பாத்திரத்தை எப்படிக் கழுவறது? காலைக் காப்பிக்கு அளவு?

---

சுள்ளிப்பொறுக்கி எழுதியது:

கழுவறதை முன்னாடியே செய்யணும். அடுப்புல ஏத்தறதுக்கு முன்ன பாத்திரத்தோட வெளிப்புறம் மட்டும், அடியும் பக்கமும், களிமண்ணைத் தோசை மாவுப் பதத்துல கரைச்சுப் பூசிடுங்க. மண் இல்லைன்னா பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் குழைச்சு மெல்லிசாத் தடவுங்க. கரி அதுமேல படியும், தண்ணி ஊத்தினா ஏடா உரிஞ்சு வந்துடும். விளிம்புக்கு ரெண்டு விரல்கடை கீழயே நிறுத்துங்க, இல்லைன்னா பொங்கி வழியறப்ப சோப்பு உள்ள போகும். பூச மறந்தா அதே அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும். அலுமினியத்துல சாம்பல் போட்டு அழுத்தித் தேய்ச்சா கறுக்கும், லேசாத் தேயுங்க.

காப்பி: ஒன்றரை லிட்டர் தண்ணி, 150 கிராம் கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொதிக்கணும். கருப்பட்டியில மணல் இருக்கும், கரைஞ்சதும் ஒரு தடவை துணியில வடிகட்டிட்டுத் திரும்ப ஏத்துங்க. சுக்குத்தூள் ஒன்றரை ஸ்பூன், நாலு மிளகு தட்டினது. கடைசியில மூணு ஸ்பூன் காப்பித்தூள் போட்டு உடனே இறக்கி மூடிடுங்க. தூள் போட்டப்புறம் கொதிக்க விட்டா கசக்கும். ரெண்டு நிமிஷத்துல தூள் அடியில தங்கிடும். இதுக்குப் பால் வேண்டாம். விறகடுப்புல மூடாம வச்ச பாலைப் போல புகை வாடையைப் பிடிக்கிற பொருள் வேற கிடையாது.

---

மலைக்காடு எழுதியது:

அணைக்கிறதைப் பத்தி முழுசா யாரும் சொல்லலை. மண்ணைப் போட்டு மூடறது அணைக்கிறது ஆகாது, அது தணலைப் போர்வை போத்திக் காப்பாத்தறது. மணிக்கணக்காச் சூடு நிக்கும். கடற்கரையில மணலைத் தள்ளி மூடிட்டுப் போற தணல்ல மறுநாள் காலை வெறுங்காலோட ஓடற குழந்தைங்க கால் வேகறது இதனாலதான்.

முதல்ல பெரிய கொள்ளிகளைப் பிரிச்சு வைங்க. தண்ணியைக் கொட்டாம தெளிங்க, ஒரேயடியாக் கொட்டினா சுடுசாம்பல் முகத்துல கிளம்பும். குச்சியால கிளறுங்க, திரும்பத் தெளிங்க. 'சுர்'ருங்கிற சத்தம் நிக்கிற வரைக்கும். ஒரு வேளை அடுப்புக்கு 8–10 லிட்டர் பிடிக்கும். கடைசியாப் புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்ட கொண்டுபோய், சூடு தெரியலைன்னா தொட்டே பாருங்க. செங்கல்லையும் புரட்டி அதுக்கு அடியிலயும் தெளிங்க.

குளிருதேன்னு மிச்சத் தணலைச் சட்டியில அள்ளி அறைக்குள்ளயோ கூடாரத்துக்குள்ளயோ கொண்டு போகவே கூடாது. தீயும் புகையும் தெரியாது, ஆனா தணல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு வாடை கிடையாது. தூக்கத்துலயே ஆள் போயிடும். கம்பளி கூட ஒன்னு எடுத்துட்டுப் போங்க.

---

அரைவேக்காடு எழுதியது:

குறிச்சுக்கிட்டேன்: செங்கல் 16, பன்னாடை, கொட்டாங்குச்சி, சூடம், இடுக்கி, நீளக் கரண்டி, பருத்தித்துணி, தார்ப்பாய், அரிசி 900 கிராம், பாசிப்பருப்பு 250, கத்தரிக்காய் 3, வாளைக் கருவாடு, அப்பளம், கருப்பட்டி, சுக்கு. குக்கர் வீட்டுலேயே. வேற?

---

பன்னாடை எழுதியது:

தீப்பெட்டி. ரெண்டு, தனித்தனி பிளாஸ்டிக் பையில. அப்புறம் கருவாட்டைக் குரங்குக்குத் தெரியாம டப்பாவுல போட்டு வண்டிக்குள்ள வைங்க, கூடாரத்துக்குள்ள வேண்டாம்.

---

கரண்டியார் எழுதியது:

உப்பு எழுதலை.